சோதனை ஒயின் செய்யும் சிறு குடும்பத் தொழில்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயின் திராட்சை பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் அறுவடைக்கு வருகிறது. 30 வருடம் தொழில் செய்யும் குடும்பத்துக்கும் 30 வாய்ப்புகள்தான். அதனால் எதையும் கற்றுத்தராத ஒரு சோதனை, ஒயின் நன்றாக வந்திருந்தாலும் என் கணக்கில் நஷ்டம்தான்.

அப்படி நடப்பதற்கு முதல் காரணம், ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. ஈஸ்ட் சேர்க்காமல் தானாக நொதிக்க விடுவது, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைப்பது, பீப்பாய்க்குப் பதில் மண்சாடி என மூன்றையும் ஒன்றாகச் செய்தால், கிடைத்த சுவை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே நாள், அதே தோட்டத்துப் பழத்தில் ஒரு பகுதியை வழக்கமான முறையில் செய்து பக்கத்திலேயே வையுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. 225 லிட்டர் பீப்பாயைப் பணயம் வைக்க வேண்டாம். சில பெரிய கண்ணாடிக் குடுவைகள் போதும். இரண்டு பகுதிகளையும் ஒரே அளவுக் குடுவையில் வைக்க வேண்டும், ஏனென்றால் சிறிய குடுவை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதில் காற்றின் தாக்கமும் அதிகம்.

குடும்பத் தொழிலுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கும். "அப்பா போட்டிருப்பார்னு நினைச்சேன்" என்று மகன் சொல்வார். அப்பாவும் அதையே சொல்வார். கடைசியில், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் (கந்தக டை ஆக்சைடு) இரண்டு முறை விழுந்திருக்கும், இல்லை விழுந்தே இருக்காது. டேங்க் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். வெப்பநிலை, சாற்றின் அடர்த்தி, யார் எதை எவ்வளவு சேர்த்தார் என்பதை அன்றன்றைக்கே எழுதுங்கள்.

அடுத்தது கந்தகம். கந்தகமே சேர்க்காமல் ஒயின் செய்ய ஆசைப்படுவதில் தவறில்லை. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவைப் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) பார்க்காமல் அதில் இறங்குவதுதான் தவறு. பிஎச் 3.2 உள்ள ஒயினில் லிட்டருக்கு சுமார் 20 மில்லிகிராம் தனி (வேறு பொருளோடு பிணையாத) கந்தக டை ஆக்சைடு தரும் பாதுகாப்பைப் பெற, 3.5-ல் சுமார் 40 மில்லிகிராம் வேண்டும், 3.8-ல் ஏறக்குறைய 80. தோலோடு ஊறும்போது பொட்டாசியம் இறங்கி பிஎச் ஏறும். ஆக, தோலோடு ஊறவைத்து, கந்தகத்தையும் விட்டுவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அங்கே வரும் எலிவாடைக் கோளாறு ஏமாற்றக்கூடியது. முகர்ந்தால் தெரியாது. விழுங்கிய பிறகு, உமிழ்நீர் பட்டுச் சில நொடிகள் கழித்துத்தான் வாயில் தெரியும். கந்தகம் வேண்டாம் என்றால் பிஎச் குறைந்த சாற்றைத் தேர்ந்தெடுத்து, பாத்திரத்தைக் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி வையுங்கள்.

மண்சாடியை மட்டும் வாங்கி, அதற்குப் பின்னால் இருக்கும் முறையை விட்டுவிடுபவர்களும் உண்டு. ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி எனும் பெரிய மண்சாடியில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013-ல் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அங்கே சாடியின் உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். வெப்பம் ஒரே சீராக இருக்க, அதை மண்ணில் புதைப்பார்கள். நொதிக்கும்போது மேலே எழும் தோலை அமுக்கிவிட்டுக்கொண்டே இருந்து, அடங்கிய பிறகு மூடி இறுக்குவார்கள். இவை எதுவும் இல்லாமல் தரைமேல் நிற்கும் பூசாத சாடியில் காற்று புகுந்து ஒயின் வினிகர் பக்கம் சாய்ந்துவிடும்.

நொதிக்கும் ஒரு லிட்டர் சாறு சுமார் 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் குழியிலும் டேங்கின் அடியிலும் தேங்கும். சுத்தம் செய்யத் தனியாக யாரும் இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால், பாசத்தில் மற்றவரும் குதித்துவிடக் கூடாது. காற்றோட்டமும் வாயு அளக்கும் கருவியும் எந்தச் சோதனைக்கும் முன்னால் வர வேண்டிய செலவு.

அவசரமாக பாட்டிலில் அடைப்பதும் ஆபத்துதான். மூடிய பாட்டிலில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 24 கிராம் என்றால் ஷாம்பெயின் அளவு, சுமார் 6. பெட்-நாட் எனும் குமிழி ஒயின் வகையில், பாட்டிலுக்குள்ளேயே குமிழி உண்டாக, நொதித்தல் முடியும் முன்பே அடைப்பார்கள். அதனால் மீதிச் சர்க்கரையை அளந்தே ஆக வேண்டும், கனமான ஷாம்பெயின் பாட்டில்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண பாட்டில் வெடிக்கும். குமிழி இல்லாத ஒயினிலும், திராட்சையில் இயல்பாக இருக்கும் மாலிக் அமிலம் மீதமிருந்தால், பாக்டீரியா அதை உள்ளேயே மாற்றிக் கலங்கலும் குமிழியும் உண்டாக்கும்.

குளோரின் கலந்த சுத்தம் செய்யும் திரவத்தை ஒயின் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். மரத்தில் உள்ள பூஞ்சையோடு சேர்ந்து அது உண்டாக்கும் ஈர அட்டை வாடை, ஒயினிலிருந்து எளிதில் போகாது.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே சுவைத்து முடிவெடுப்பது. தினமும் அதே அறையில் நிற்பவர்களுக்கு அதன் கோளாறு பழகிப்போய் குணமாகத் தோன்றும். வெளியாட்கள் சிலரை அழைத்து, எதில் எது என்று சொல்லாமல், மூன்று கிளாஸ்களில் இரண்டில் வழக்கமான ஒயினும் ஒன்றில் சோதனை ஒயினும் ஊற்றி, வேறுபட்டது எது என்று கேளுங்கள். பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்த மாற்றத்துக்காகத் தனி லேபிள் அடிக்கத் தேவையில்லை.