பழைய வயர் அலாரம் பேனலைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது எப்படி?

சுவருக்குள் வயர் ஓடும் பழைய திருட்டு அலாரங்களில் முதலில் காலாவதியாவது பெரும்பாலும், எல்லா வயர்களும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல்தான். கதவு சன்னல்களில் பதித்திருக்கும் காந்த சென்சார்கள் எளிதில் தேய்வதில்லை; நன்றாகப் பதிக்கப்பட்ட செம்பு வயரும் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆகவே, தொலைபேசி இணைப்பு வழியாக மட்டுமே தகவல் அனுப்பத் தெரிந்த பழைய பேனலை எடுத்துவிட்டு, இணையம் அல்லது சிம் கார்டு வழியாகக் கைப்பேசிக்கே செய்தி அனுப்பும் பேனலை வைத்தால், மற்றவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய பெட்டியைச் சுவரில் மாட்டுவது சிறிய வேலை. பழைய வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது, அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கண்டறிவதே பெரிய வேலை என்பதால், இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஒரு மல்டிமீட்டர், சிறிய ஸ்க்ரூடிரைவர்கள், வயர் ஸ்ட்ரிப்பர், மாஸ்கிங் டேப், பேனா ஆகியவை போதும். பழைய பேனலின் மூடிக்கு உட்புறத்தில் இணைப்புப் படம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல பேனல்களில் இருக்கும்.

முதல் படி: மின்சாரம் இருக்கும்போதே விசாரித்துக்கொள்ளுதல்

அலாரம் ஏதேனும் கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால், வேலை தொடங்கும் முன் அவர்களிடம் சொல்லிச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பழைய பேனல் இன்னும் இயங்குகிறது என்றால், அதை உடனே அணைத்துவிடாதீர்கள். ஒருவர் கீபேட் அருகில் நிற்க, மற்றொருவர் ஒவ்வொரு கதவாகவும் சன்னலாகவும் திறந்து மூடட்டும். எந்தக் கதவைத் திறக்கும்போது எந்த ஸோன் (பேனல் தனியாகக் கண்காணிக்கும் ஒரு வயர்ச் சுற்று) எண் ஒளிர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலை மின்சாரம் போன பிறகு இவ்வளவு எளிதாகத் தயாரிக்க முடியாது. பிறகு பெட்டியைத் திறந்து, வயர்கள் செருகப்பட்டிருக்கும் டெர்மினல்களின் எண்கள் தெளிவாகத் தெரியும்படி நெருக்கத்தில் பல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, அது எந்த டெர்மினலில் இருந்தது என்று எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். ஒரே நிற வயர் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு பணி செய்வது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இரண்டாம் படி: மின்சாரத்தைத் துண்டித்தல்

முதலில் சுவர் பிளக்கில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றுங்கள். அடுத்து பேட்டரியின் இரு வயர்களையும் எடுங்கள். வீட்டு மின்சாரம் பிளக் இல்லாமல் நேரடியாகப் பெட்டிக்குள் வந்திருந்தால், அந்த ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தனக்கென உள்ளே பேட்டரி வைத்திருக்கும் வெளிச் சைரன்கள், பேனலிலிருந்து வரும் மின்சாரம் நின்றவுடன் தாமாகவே அலறத் தொடங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தொலைபேசி இணைப்பு இருந்தால் கவனம் தேவை. பல வீடுகளில் வெளியிலிருந்து வரும் தொலைபேசி லைன் முதலில் பேனலுக்குள் நுழைந்து, அதன் பிறகே வீட்டுத் தொலைபேசிக்குப் போகும். அவசர நேரத்தில் பேனல் லைனைக் கைப்பற்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பேனலை வெறுமனே எடுத்துவிட்டால் தொலைபேசி செத்துப்போகும். உள்ளே வரும் இரு வயர்களையும் வெளியே போகும் இரு வயர்களையும் முறையாக இணைத்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: மீட்டரால் அளத்தல்

ஸோன் வயர்களை டெர்மினலிலிருந்து விடுவித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது கிடைக்கும் எண் ஒன்று, திறந்திருக்கும்போது கிடைக்கும் எண் மற்றொன்று. இரண்டையும் பட்டியலில் எழுதுங்கள். பெரும்பாலான காந்த சென்சார்கள், கதவு மூடியிருக்கையில் சுற்றை இணைத்து, திறந்தால் துண்டித்துவிடும். எனவே திறந்த நிலையில் மீட்டர் எல்லையற்ற மின்தடையைக் காட்ட வேண்டும்.

மூடிய நிலையில் கிடைக்கும் எண்தான் சுவாரசியமானது. வயரின் கடைசி முனையில், அதாவது சென்சாருக்குள், ஈஓஎல் (எண்ட் ஆஃப் லைன்) எனப்படும் சிறிய ரெசிஸ்டரை, அதாவது குறிப்பிட்ட மின்தடை உள்ள பாகத்தை, வைப்பது முறை. யாராவது வயரை வெட்டினாலும் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கினாலும் பேனலுக்குத் தெரிந்துவிடும் என்பதே இதன் பயன். இதன் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும்: ஹனிவெல் விஸ்டா வகையில் வழக்கமாக 2,000 ஓம்; டிஎஸ்சி பேனல்களில் 5,600 ஓம். ரெசிஸ்டரின் மேல் அதன் மதிப்பைச் சொல்லும் நிறக் குறியாக, முன்னதில் சிவப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்களும் பின்னதில் பச்சை, நீலம், சிவப்பு வளையங்களும் இருக்கும். முன்கதவு ஸோனில் 2,003 என்று மீட்டர் காட்டினால், ரெசிஸ்டர் சென்சார் முனையில் இருக்கிறது, மீதி 3 ஓம் வயரினுடையது என்று பொருள். 22 கேஜ் தடிமனுள்ள வயர் 30 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். வெறும் 3 என்று மட்டும் காட்டினால், முன்பு வேலை செய்தவர் ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே டெர்மினலில் செருகியிருக்கிறார், அல்லது போடவே இல்லை. ஏணியில் ஏறாமல் வேலையை முடிக்க அது வசதி, பாதுகாப்புக்கு அரைகுறை.

கதவைத் திறந்தாலும் எண் மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அடிக்கடி பொய் அலாரம் எழுப்பிய சன்னலை, இரு வயர்களையும் முறுக்கி ஒரேயடியாக வாயடைத்துவிட்டுப் போவது உண்டு. இதற்கு நேர்மாறாக, அசைவு உணரும் பிஐஆர் சென்சாரின் ஸோன் துண்டிக்கப்பட்டதுபோல் காட்டினால் பதற வேண்டியதில்லை. அதற்கு 12 வோல்ட் மின்சாரம் தனி ஜோடி வயரில் வருகிறது. மின்சாரம் இல்லாதபோது அதன் ரிலே (உள்ளிருக்கும் மின் சுவிட்ச்) திறந்தே இருக்கும்.

நான்காம் படி: ரெசிஸ்டரை முடிவு செய்தல்

புதிய பேனல் எந்த மதிப்பை எதிர்பார்க்கிறது என்று அதன் கையேட்டில் பாருங்கள். சில பேனல்களில் மென்பொருள் வழியாகவே மதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்டதை வாங்குவதே என் பரிந்துரை. இல்லையென்றால், சென்சார் முனையில் இருப்பதை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்க வேண்டும். பழைய ரெசிஸ்டர் சென்சாரில் இருக்க, பேனல் முனையில் புதியதையும் சேர்ப்பது தவறு. தொடராக இணைத்தால் இரண்டும் கூடி வேறோர் எண் வரும், ஸோன் எப்போதும் கோளாறு காட்டும்.

புகை சென்சார்களைத் திருட்டு சென்சார்கள்போல் நடத்தக் கூடாது. இரு வயரில் இயங்கும் புகை சென்சார் எல்லாப் பேனலோடும் ஒத்துப்போகாது. உற்பத்தியாளர் தந்திருக்கும் பொருத்தப் பட்டியலில் அந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். 10 ஆண்டுகள் கடந்ததாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மின்கணக்கு

பிஐஆர் ஒன்றுக்கு 15 மில்லி ஆம்பியர் வீதம் நான்குக்கு 60, கீபேட் இரண்டுக்கு 200, பேனலுக்கு 100 என்று கொண்டால் மொத்தம் 360. பேனலின் துணை மின் டெர்மினல் தரக்கூடிய உச்ச அளவுக்குள் சென்சார்களும் கீபேட்களும் அடங்க வேண்டும். மின்வெட்டு ஏற்பட்டால் 7 ஆம்பியர் மணி பேட்டரி இந்தச் சுமையை, புதிதாக இருக்கும்போது, கணக்குப்படி 19 மணி நேரம் தாங்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மாறுதிசை மின்சாரம் தருவது. புதிய பேனல் நேர்திசை அடாப்டர் கேட்கலாம். எனவே பழையதைத் திரும்பப் பயன்படுத்தாமல், பேனலோடு வந்ததையே பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: பொருத்துதல்

பெட்டியை மாட்டி, ஸோன்கள், கீபேட், சைரன், துணை மின்சாரம் என்ற வரிசையில் பட்டியலைப் பார்த்து இணையுங்கள். பழைய கீபேட் வேறு நிறுவனப் பேனலோடு பேசாது என்றாலும், அதன் நான்கு வயர்கள் பெரும்பாலும் புதியதற்குப் போதும். புதிய கீபேட் சிறியதாக இருந்து, சுவரில் பழையதன் சதுரத் தடம் தெரிந்தால், அதற்கு வண்ணம் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லா இணைப்பும் சரிபார்த்த பிறகே மின்சாரமும் பேட்டரியும் தாருங்கள்.

ஏழாம் படி: நிரலாக்கமும் சோதனையும்

முன்கதவுக்கு நுழைவுத் தாமதம், சன்னல்களுக்கு உடனடி அலாரம், புகைக்கு 24 மணி நேரமும் விழித்திருக்கும் தீ வகை என ஸோன்களை அமையுங்கள். கூடத்து பிஐஆருக்கு, முன்கதவு திறந்திருந்தால் மட்டும் காத்திருக்கும் பின்தொடர் வகை ஏற்றது. நிறுவுநர் கடவு எண்ணைத் தொழிற்சாலை நிலையிலேயே விட்டுவிடாதீர்கள். பின்னர் நடைச் சோதனை நிலையில் வைத்து ஒவ்வொரு கதவையும் திறந்து, பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிளக்கைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் சைரன் முழுக் குரலில் ஒலிக்கிறதா, கைப்பேசிக்குச் செய்தி வருகிறதா என்றும் பாருங்கள்.

கழற்றிய பேனலை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதிலிருக்கும் கடவு எண்களை முதலில் அழித்துவிடுங்கள். பழைய பேட்டரி ஈய அமிலம் கொண்டது. அதன் முனைகளில் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்பவர்களிடம் ஒப்படையுங்கள்.