தோட்டத்து ஆளுங்கள வச்சு சைக்காலஜி ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா? கேள்வித்தாள தூக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாப்பிக் தேடுற நம்ம பிள்ளைங்க நெறைய பேரு தோட்டத் தொழிலாளிங்களோட மன அழுத்தம், லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த வயசானவங்களோட தனிமை, இப்படித்தான் எடுக்குறாங்க. நல்ல டாப்பிக்தான், நம்ம மலேசியாவுல, பேராக்ல இருக்க சுங்கை சிப்புட் பக்கம் ஆளு கெடைக்கிறதும் லேசு, பெரியம்மா வீட்டுல தங்கிக்கிட்டு நாலு வீடு ஏறி எறங்குனா வேலை முடிஞ்சிரும்னு தோணும். சிக்கலே அங்கதான். இங்க யாரும் யாரு மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிப் பழகல. மண்டோர், அதான் வேலை வாங்குற கங்காணி, கூப்பிட்டா வந்து உக்காருவாங்க, கோயில் தலைவர் மகன்னு தெரிஞ்சா படிக்காமலே கையெழுத்து போட்டுக் குடுப்பாங்க, அத சம்மதம்னு ஃபைல்ல போட்டுட்டுப் போறது ரொம்ப சுலபம். அதனால கீழ நான் சொல்ற எல்லா வேலையும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான், எதிர்ல உக்காந்திருக்கவங்க பயமில்லாம "வேணாம்"னு சொல்ல முடியணும்.

1. ரூல்ஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு மொதல்ல தெரிஞ்சிக்கங்க

பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரி வேணாம், மூணு கதை தெரிஞ்சா போதும். நாஜி டாக்டருங்க கைதிங்க மேல பண்ண கொடுமை கோர்ட்டுக்கு வந்தப்பதான் 1947-ல நியூரம்பெர்க் விதிகள் வந்துச்சு, அதுல மொத வரியே விருப்பப்பட்டு குடுக்குற சம்மதம் கட்டாயம்ங்கறதுதான். ரெண்டாவது டஸ்கிகீ. அமெரிக்காவுல அலபாமாவுல 1932-லேருந்து 1972 வரைக்கும் கிட்டத்தட்ட 600 கருப்பின ஆம்பளைங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல 399 பேருக்கு சிபிலிஸ், பெரும்பாலும் குத்தகைக்கு நெலம் உழுத ஏழைங்க, ரத்தம் கெட்டுப் போச்சுன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தாங்க, சாப்பாடு போட்டாங்க, செத்தா அடக்கம் பண்ண காசு தர்றோம்னாங்க, பெனிசிலின் வந்ததுக்கு அப்புறமும் மருந்து மட்டும் குடுக்கல. அந்த அசிங்கம் வெளிய வந்து, கமிஷன் போட்டு, 1979-ல பெல்மாண்ட் அறிக்கை வந்துச்சு. மனுஷன மதி, கெடுதல் பண்ணாம நல்லது பாரு, சுமையையும் பலனையும் நியாயமா பங்கு போடு, இந்த மூணுதான் சாரம். கடைசி சொன்னது நம்ம தோட்டத்துக்கு நேரா பொருந்தும். கைக்கு எட்டுற ஏழைங்கறதுக்காக ஒருத்தர ஆராய்ச்சிக்கு இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூணாவது ஸ்டான்லி மில்கிராம், யேல் யூனிவர்சிட்டி, 1961-ல ஆரம்பிச்சது. பக்கத்து ரூம்ல இருக்க ஆளு தப்பா பதில் சொன்னா ஷாக் குடுன்னு சொன்னாங்க (ஷாக் பொய்தான், குடுக்குறவங்களுக்கு அது தெரியாது), 1963-ல வந்த கட்டுரைல 40 பேர்ல 26 பேரு கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. எல்லாரும் இந்த நம்பரத்தான் சொல்லுவாங்க, நான் பாக்குறது வேற. அங்க நடுங்கிக்கிட்டு "நிறுத்திக்கிறேன்"னு சொன்னவங்ககிட்ட ஆராய்ச்சிய நடத்துன கோட்டு போட்டவரு "வேற வழியில்ல, தொடர்ந்துதான் ஆகணும்"னு சொன்னாரு. இன்னிக்கு அந்த ஒரு வாக்கியத்த எந்த கமிட்டியும் பாஸ் பண்ணாது. நம்ம ஊர்ல கோட்டு வேணாம், மண்டோர் கையில செக்ரோல் (வேலைக்கு வந்தவங்க பேரு பதியிற புத்தகம்) இருந்தா போதும்.

2. கமிட்டி அனுமதி வாங்குங்க

உங்க யூனிவர்சிட்டி நெறிமுறைக் கமிட்டிக்கு ப்ரபோசல், கேள்வித்தாள், சம்மதப் படிவம் எல்லாத்தையும் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் மொத ஆளப் பாக்கணும். வாரக்கணக்குல ஆகும், செமஸ்டர் தொடங்குனதுமே அனுப்பிருங்க. மொதல்ல எடுத்துட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நெனச்சீங்கன்னா அந்த டேட்டாவ தூக்கிப் போட வேண்டியதுதான். கவர்மென்ட் கிளினிக், ஆஸ்பத்திரி உள்ள வந்தா சுகாதார அமைச்சோட எம்ஆர்இசி, அதாவது மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் கமிட்டி வழியா போகணும், தமிழ்ப்பள்ளின்னா கல்வி அமைச்சு அனுமதி. தோட்ட மானேஜர் குடுக்குற லெட்டர் உங்கள கேட்டுக்குள்ள விடும், அதோட சரி, தொழிலாளிக்காக அவரு சம்மதம் குடுக்க முடியாது.

3. யாரு கூப்பிடுறாங்கங்கறத மாத்துங்க

விடியக்காலம் பெரட்டு, அதாவது வேலைக்கு முன்னாடி பேரு கூப்பிடுற நேரம். மண்டோர் பேரு கூப்பிட்டு முடிச்சிட்டு, "ஏய், இந்த தங்கச்சி என்னமோ எழுதணுமாம், எல்லாரும் வேலை முடிஞ்சு ஸ்டோர் பக்கம் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க"ங்கறாரு. நல்ல மனசுலதான் சொல்றாரு. ஆனா யாரு வரலைங்கறது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்ங்கறது எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு யாருக்கு லேசான நெரை (வேலை செய்யிற மர வரிசை), யாருக்கு ஓவர்டைம்னு முடிவு பண்றவரு அவரு.

அதுக்குப் பதிலா மளிகைக் கடையில, கோயில் மண்டபத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க, உங்க நம்பர் போடுங்க, விருப்பம் உள்ளவங்க அவங்களா கூப்பிடட்டும். ஆளு கம்மியாத்தான் வரும், பரவால்ல. உங்க சொந்தக்காரங்கள சேர்க்காதீங்க. பங்களாதேஷ், நேப்பாள் தொழிலாளிங்க இருந்தா அவங்க மொழியில படிவம் வேணும், மேஸ்திரிய மொழிபெயர்க்க விடாதீங்க, பாஸ்போர்ட், பெர்மிட் பத்தி தேவையில்லாம கேக்கவே கேக்காதீங்க, அந்தப் பேச்சு எடுத்தாலே மனுஷன் நீங்க என்ன கேட்டாலும் தலையாட்டிருவாரு.

4. சம்மதம் கேக்குற பேச்சு

நாலு பக்கம் இலக்கணத் தமிழ்ல அச்சடிச்ச படிவத்த நீட்டுனா யாரும் படிக்க மாட்டாங்க. வாயால சொல்லுங்க, இப்படி:

"அம்மா, நான் படிக்கிற பிள்ள, வேலை முடிஞ்சு வந்தா மனசு எப்படி இருக்குன்னு கொஞ்சம் கேள்வி கேப்பேன், அர மணி நேரம் ஆகும். சிலது கேட்டா சங்கடமா இருக்கலாம். புடிக்கலன்னா பதில் சொல்ல வேணாம், பாதில எந்திரிச்சும் போயிரலாம், ஏன்னு கேக்க மாட்டேன். நீங்க சொன்னத மண்டோர்கிட்டயோ ஆபீஸ் கிராணிகிட்டயோ (கிளார்க்கிட்டயோ) சொல்ல மாட்டேன். இதுனால உங்களுக்குப் புதுசா வீடோ கூடுதல் சம்பளமோ கெடைக்காது."

சொல்லி முடிச்சதும் "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருக்கா சொல்லுங்கம்மா"ன்னு கேளுங்க. இதத்தான் முக்கால்வாசி பேரு விட்டுர்றாங்க. "நீ பேசி எங்க வீட்டுக் கூரைய மாத்திக் குடுப்ப"ன்னு அந்தம்மா சொன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம், மறுபடியும் மொதல்லேருந்து வாங்க. "சரி லா பாப்பா, நீ கேளு"ன்னு உடனே தலையாட்டுனாலும் அவசரப்படாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டு வாங்க, அன்னிக்கு அவங்க கோயிலுக்குப் போயிட்டாங்கன்னா அதுவே பதில், திரும்பத் தேடிக்கிட்டுப் போகாதீங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு சாட்சி வச்சு கைரேகை வாங்கலாம், கமிட்டிகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். ஐசி (அடையாள அட்டை) காப்பி எதுக்கு, வேணாம்.

அன்பளிப்பு குடுக்குறதா இருந்தா பத்து வெள்ளி போன் ரீலோட், ஒரு மைலோ பாக்கெட், அந்த அளவுல வைங்க, பாதில எந்திரிச்சவங்களுக்கும் அதே தான். 18 வயசுக்குக் கீழன்னா அப்பாம்மா சம்மதமும் வேணும், பிள்ளையோட சரியும் வேணும், எல்லாருக்கும் சேத்து ஹெட்மாஸ்டர் ஒரு கையெழுத்து போட்டா செல்லாது.

5. ஒம்பதாவது கேள்விக்கு முன்கூட்டியே தயாரா இருங்க

மனச்சோர்வ அளக்க எல்லாரும் எடுக்குற கேள்வித்தாள் பிஎச்க்யூ-9. போன ரெண்டு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு ஒம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-லேருந்து 3 மார்க், மொத்தம் 27. ஒம்பதாவது கேள்வி செத்துட்டா தேவலன்னு தோணுச்சாங்கறது. ராத்திரி வீட்டுல உக்காந்து ஸ்கோர் கூட்டுறப்பதான் ஒரு அம்மா அதுல 3 போட்டிருக்கறத பாத்தீங்கன்னா என்ன பண்ணுவீங்க? அதனால அங்கயே, அவங்க முன்னாடியே அந்த பதில பாத்துருங்க. 0 தவிர எது இருந்தாலும் நிதானமா பேசணும், மனசு ஒடைஞ்சவங்க பேசறதுக்கான உதவி லைன் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 ரெண்டும் எழுதின சீட்டு கையில இருக்கணும், அன்னிக்கே சூப்பர்வைசருக்கு போன் பண்ணணும், தேவைன்னா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போக ஆளு ஏற்பாடு பண்ணியிருக்கணும். நீங்களே கவுன்சலிங் பண்ண உக்காந்துராதீங்க. ரகசியமா வச்சிருப்பேன், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்லுவேன்னு சம்மதம் கேக்குறப்பவே சொல்லிருங்க. இன்னொண்ணு, தற்கொலை முயற்சி இந்த நாட்டுல 2023 வரைக்கும் குத்தம், தண்டனைச் சட்டத்தோட 309-வது பிரிவ அந்த வருஷம்தான் எடுத்தாங்க. பெரியவங்க நெறைய பேரு இன்னும் போலீஸ் வரும்னு நெனச்சு மறைப்பாங்க, அதையும் வாய்விட்டு சொல்லுங்க.

6. டேட்டா

பேருக்குப் பதிலா நம்பர் போடுங்க. பதிவு பண்ண ஆடியோவ எழுதி முடிச்சதும் அழிச்சிருங்க, எப்ப அழிப்பீங்கங்கறதையும் ப்ரபோசல்ல எழுதியிருக்கணும். "பாவம்டா இந்தப் பாட்டி சொன்னத பாரு"ன்னு வாட்சாப் குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் போடறவங்கள நான் ஆராய்ச்சியாளர் லிஸ்ட்லயே சேர்க்க மாட்டேன். 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வியாபாரக் காரியங்களுக்காக போட்டதுதான், இருந்தாலும் அதுல உடம்பு, மனசு சம்பந்தப்பட்ட தகவல தனியா கவனமா பாக்கணும்னு இருக்கு, அந்த அளவுகோல நீங்களும் எடுத்துக்கங்க.

பேர எடுத்தா மட்டும் போதாது. "54 வயசு பெண், கணவர் லாரி டிரைவர், ரெண்டு மகன்களும் சிங்கப்பூர்ல"ன்னு ரிப்போர்ட்ல எழுதுனீங்கன்னா கோலாலம்பூர்ல படிக்கிற லெக்சரருக்குத் தெரியாது, ஒட்டுக்கடையில தே (டீ) குடிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிரும். வயச "ஐம்பதுகளில்"னு எழுதுங்க, லாரிய எடுத்துருங்க, தோட்டத்துப் பேரே வேணாம்.

முடிவ ஒரு பக்கத் தமிழ்ல எழுதி கலந்துக்கிட்டவங்களுக்கு மொதல்ல குடுங்க, ஆபீசுக்கு அப்புறம். மானேஜருக்குப் போற காப்பில டிவிஷன் டிவிஷனா பிரிச்சு போடாதீங்க, எட்டு பேரு இருக்க டிவிஷன்ல யாரு என்ன சொன்னாங்கன்னு கண்டுபுடிக்க கணக்கே தேவையில்ல. அந்த பேரு-நம்பர் லிஸ்ட்ட சூப்பர்வைசர்கிட்ட பூட்டி வைக்க குடுத்துருங்க. "சும்மா தெரிஞ்சிக்கத்தான், யாரும்மா அப்படி எழுதுனது"ன்னு மண்டோர் தே வாங்கிக் குடுத்துக்கிட்டே கேப்பாரு, லிஸ்ட் எங்கிட்ட இல்லண்ணேன்னு நெஜத்தையே சொல்லிட்டு வந்துரலாம்.