எழுதிய ஈமெயில் சேவ் ஆகவில்லையா? முதலில் அந்த டேப்பை மூடாதீர்கள்

மட்டக்களப்பில் கார்த்திகை மழை பிடித்துவிட்டால் கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகும். வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தைப் பாதி எழுதியிருக்கும்போது நெட் போனால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் எழுதியது திரையில் தெரிகிற வரைக்கும் அதை மீட்டுவிடலாம். கம்ப்யூட்டரில், குரோம் பிரவுசரில் ஜிமெயில் பாவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எழுதியதை வெளியே எடுங்கள்

பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்ய வேண்டாம். பலருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். எழுதியது தொலைவதும் அதனால்தான். கடிதத்துக்குள் ஒரு கிளிக் செய்து கன்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்துங்கள். முழுவதும் தெரிவாகும். அடுத்து கன்ட்ரோல், சி. பிறகு நோட்பேடைத் திறந்து கன்ட்ரோல், வி. கொப்பி பண்ணியதோடு நின்றுவிடாதீர்கள்: கம்ப்யூட்டர் அணைந்தால் கொப்பி செய்ததும் போய்விடும். நோட்பேடில் கன்ட்ரோல், எஸ் அழுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பெறுபவரின் முகவரியும் தலைப்பும் இதில் வராது, அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிப் பதற்றமில்லாமல் காரணத்தைத் தேடலாம்.

2. நெட் இருக்கிறதா?

இன்னொரு டேப்பில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ரவுட்டரையோ போன் டேட்டாவையோ கவனியுங்கள். நெட் திரும்பியதும் கடிதத்தில் ஒரு எழுத்தைக் கூட்டுங்கள். ஜிமெயில் தானாகவே சேமிக்கும்; விண்டோவின் மேல் ஓரத்தில் 'டிராஃப்ட் சேவ்ட்' என்று சற்று நேரம் தெரியும். இடப்பக்கம் உள்ள 'டிராஃப்ட்ஸ்' பகுதியிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. நெட் இருந்தும் சேவ் ஆகாவிட்டால்

கல்முனையிலோ செங்கலடியிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் எழுதுகிறீர்களா? அதே பிரவுசரின் இன்னொரு டேப்பில் கணக்கிலிருந்து வெளியேறினால் உங்கள் டேப்பிலும் வெளியேறிவிடும். திரும்ப உள்நுழையுங்கள். அதுவும் காரணமில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சின்னச் சின்ன வசதிகளை, சந்தேகியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் அழுத்தினால் இன்காக்னிட்டோ விண்டோ வரும். வழமையாக எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. அங்கே ஜிமெயிலில் உள்நுழைந்து எழுதிப் பாருங்கள். சேவ் ஆனால், பழைய விண்டோவில் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

4. பெருக்கல் குறியும் குப்பைத்தொட்டியும்

கடித விண்டோவின் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் கடிதம் டிராஃப்ட்ஸில் சேர்ந்து மூடும். கீழே உள்ள குப்பைத்தொட்டியை அழுத்தினால் அழிந்துவிடும். தவறி அழுத்திவிட்டால் உடனே தோன்றும் 'அன்டூ'வை அழுத்துங்கள். அது மறைந்த பிறகு டிரஷ் பகுதியில் தேடிப் பயனில்லை.

5. ஓஃப்லைன் வசதி

நெட் அடிக்கடி போகும் இடத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் போட்டு வையுங்கள். மேலே பல்சக்கரக் குறி, 'சீ ஓல் செட்டிங்ஸ்', அப்புறம் 'ஓஃப்லைன்'. அங்கே 'எனேபிள் ஓஃப்லைன் மெயில்' என்பதில் டிக் போட்டு, கீழே 'சேவ் சேஞ்சஸ்' கொடுங்கள். இனி நெட் இல்லாமலும் எழுதலாம். 'சென்ட்' அழுத்தினால் கடிதம் 'அவுட்பொக்ஸில்' காத்திருந்து நெட் வந்ததும் போகும். உங்கள் கடிதங்கள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கும் என்பதால் கடையிலோ வேறொருவரின் லெப்டொப்பிலோ இதைப் போடாதீர்கள்.