விக்டோரியா காலத்து மதிலும் வாயிலும்: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டியவை

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் விக்டோரியா அரசி காலத்தில் (1837–1901) எழுந்த மாளிகைகளைப் புதுப்பிப்பவர்கள் பணத்தையும் கவனத்தையும் வீட்டிலேயே கொட்டிவிடுகிறார்கள். மதிலையும் வாயிலையும் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போடுகிறார்கள். பெரிய சேதம் அங்கேதான் நடக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது சிமெண்ட் பூச்சு. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். அதற்குப் பிறகும் தோட்ட மதில்களைப் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை வைத்தே கட்டினார்கள். மதிலுக்குக் கூரை கிடையாது, இருபுறமும் மழை அடிக்கும். உள்ளே இறங்கிய ஈரம் மென்மையான காரை வழியே ஆறிவிடும். இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் அந்த ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகப்பு செதில் செதிலாக உதிர்கிறது. நாளடைவில் செங்கல் குழிந்து, சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே போடுங்கள். கெட்டுப்போன காரையை உளியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும் நாட்களில் பூச வேண்டாம்.

படர்ந்திருக்கும் ஐவி கொடியைப் பச்சையாக இழுத்தால் காரையும் கூடவே வரும். அடித்தண்டை அறுத்துவிட்டு, காய்ந்த பிறகு எடுங்கள்.

வாயிற்கதவில் வளைந்திருப்பது தேனிரும்பு (காய்ச்சி அடித்து உருவாக்கிய இரும்பு), உடைந்திருப்பது வார்ப்பிரும்பு (உருக்கி அச்சில் ஊற்றியது) என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். வார்ப்பிரும்பைச் சாதாரண எஃகு போல வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். மணல் பீய்ச்சிப் பழைய வண்ணத்தை உரித்தெடுப்பதற்கு முன், ஒரு மூலையில் அடுக்குகளைச் சோதித்துப் பாருங்கள். கறுப்புக்கு அடியில் பச்சையோ நீலமோ இருக்கலாம். கல்தூணில் செருகிய இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கும். அந்த விரிசலை மட்டும் பூசி மூடுவது வீண் வேலை. இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அறுத்துச் செல்லப்பட்ட கம்பிவேலிகளின் அடிக்கட்டைகள் பல மதில்களின் மேல்கல்லில் இன்னும் தெரியும். அவற்றைத் தேய்த்துவிடாதீர்கள். கம்பிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சான்று அதுதான்.

லாரி நுழைவதற்காக வாயில்தூணை நகர்த்துவது இன்னொரு பெருந்தவறு. மரபுக் கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட (அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட) மாளிகையின் வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் மதிலும் தூணும் அந்த மாளிகையின் பகுதியாகவே கருதப்படும். அனுமதியின்றி அவற்றின் தன்மையை மாற்றினால் குற்றவழக்கு வரும். உள்ளூராட்சியின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிய பிறகே கடப்பாரையை எடுங்கள்.