சொக்சோ கடிதமா? உறையைக் கிழித்துப் போடாதீர்கள்

இயலாமை ஓய்வூதியம் கிடையாது என்று மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மருத்துவ வாரியத்திடமிருந்து முடிவு வந்தால், கடித ஓரத்தில் கைக்கு வந்த தேதியைப் பென்சிலால் எழுதி, உறையோடு கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் கடிதத் தேதியிலிருந்து 90 நாள் எண்ணி, சமையலறை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போக அவ்வளவுதான் அவகாசம். கேட்க நிறைய போலத் தோன்றும். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்த்துப் புது அறிக்கை வாங்குவதற்குள் பாதி ஓடிவிடும். தபால் தாமதமென்றால் உறை முத்திரைதான் சாட்சி. கோலாலம்பூர் சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது கடிதம், உறை இரண்டையும் கொண்டுபோங்கள்.

சொக்சோவுக்குக் கட்டிய சந்தா போதாது என்று மறுத்திருந்தால் இந்த வழி உதவாது. அது டாக்டர்கள் தீர்க்கும் விஷயமில்லை, சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். சமூக நல இலாகாவின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டையும் வேறு கதை.