இரண்டடிப் பவளத் தொட்டி: எந்த மீன், எந்த வரிசையில்?

கடையில் பார்த்து ஆசைப்பட்ட நாலு மீனை ஒரே நாளில் கொண்டுவந்து விடுவதால்தான் பல சின்னத் தொட்டிகள் பாழாகின்றன. எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே எதை முதலில் விடுகிறோம் என்பதும் முக்கியம்.

இது கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கிற, 75 லீற்றர் அளவான தொட்டிக்கான குறிப்பு. தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது (கழிவைச் சிதைக்கும் பக்டீரியா நிலைகொண்டுவிட்டது), அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், உப்பு தன்னீர்ப்பு அளவில் 1.025 என்று வைத்துக்கொள்கிறேன். உப்பைப் பார்க்க, ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே வாங்குங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் மானியில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்கு மாறிவிடும்.

படி 1: வேண்டாதவற்றைக் கழியுங்கள்

நம் இலங்கைக் கடலில் பிடிபடும் பவுடர் புளூ டாங்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது நாள் முழுக்க நீந்தித் திரிகிற மீன். ஆறடித் தொட்டியாவது வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே கொத்தித் தின்னும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் மேல் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நாலு மீன் உள்ள தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

மலிவு என்று நீல டாம்செல்லை முதலில் விடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். விரலளவு மீன்தான், ஆனால் பிறகு வருகிற எதையும் நிம்மதியாக இருக்க விடாது. கல்லையெல்லாம் வெளியே எடுக்காமல் அதைப் பிடிப்பதும் பெரும்பாடு.

படி 2: மாடி பிரித்துக் கொடுங்கள்

வெள்ளவத்தை ஃபிளாட்டுகளைப் போல ஆளுக்கொரு மாடி என்று நினையுங்கள். மணலுக்கு ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி. கூடவே ஒரு பிஸ்டல் இறால் விட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் மங்கிய இறால் குழி தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலைச் சிலுப்பும், இறால் உள்ளே ஓடிவிடும்.

நடுநீருக்கு ஒரே ஒரு ஃபயர்ஃபிஷ். இரண்டு விட்டால் பெரும்பாலும் ஒன்று மற்றதைத் துரத்தித் தீர்க்கும். அதற்கு மேலே ஒசெலாரிஸ் கோமாளி மீன் இரண்டு. நம் கடலில் உள்ள கிளார்க்கியும் அழகுதான், ஆனால் 15 சென்றிமீற்றர் வரை வளரும், முரடு. இரண்டு இனக் கோமாளிகளை ஒன்றாக விடவே வேண்டாம்.

நாலு மீன் போதும். வாங்குமுன், "அண்ணா, கொஞ்சம் இரை போட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கண்முன்னே தின்னாத மீனை அழகுக்காக வாங்காதீர்கள்.

படி 3: விடும் வரிசை

விளங்கிக்கொள்ள அதிக நேரமெடுப்பது இந்தப் படிதான். முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். ஆகவே பயந்த மீன் முதலில், தைரியசாலி கடைசியில்: ஃபயர்ஃபிஷ், அப்புறம் கோபி, கடைசியாகக் கோமாளி. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். கூடுகிற கழிவுக்கு ஏற்பப் பக்டீரியாவும் பெருக வேண்டுமே.

கோமாளிகளை மட்டும் இரண்டையும் ஒரே நாளில், ஒன்று பெரிது ஒன்று சிறிது எனப் பார்த்து விடுங்கள். இவை எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு என்றால் யார் பெரியவர் என்ற போட்டி நீளும். சின்னது பக்கவாட்டில் சரிந்து உடம்பை நடுக்கிக் காட்டினால் நோய் என்று பயப்பட வேண்டாம், அது பணிந்துபோகிற அடையாளம். செட்டை கிழிந்தால்தான் பிரிக்க வேண்டும். அப்போது துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்று கைகொடுக்கும்: துரத்துகிற மீனை இரண்டு மூன்று நாள் அதற்குள் வைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள்.

எந்த மீனையும் முதலில் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய்க்கான செப்பு மருந்தைப் பவளத் தொட்டிக்குள் ஊற்ற முடியாது. இறாலும் பவளமும் செத்துவிடும்.

படி 4: மூடி

ஃபயர்ஃபிஷ் பாயும், மூடி கட்டாயம். ஆனால் கண்ணாடி மூடி கொழும்பு வெக்கைக்குச் சரிவராது. வலை மூடி போட்டு மேலே சின்ன ஃபேன் வையுங்கள். 30 பாகையில் நிற்கிற தண்ணீர் சில பாகை இறங்கும், 27க்குக் கிட்ட வந்தால் நல்லது. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ (சவ்வு வழியாக வடிகட்டிய) தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும். உப்பு ஆவியாவதில்லை.

பின்னர் சேர்த்தது: வெள்ளவத்தைக் கரையில் அள்ளிய கடல்நீர் போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மற்ற இடங்களிலும் நீர் கலங்கி, உப்புக் குறைந்திருக்கும். உப்புப் பொடியைக் கரைப்பதே எனக்கு நம்பிக்கை.

ஐந்தாவது மீன் ஒன்று விடலாமா என்பது இன்னொரு கேள்வி. 2022 மின்வெட்டை நினைத்துப் பாருங்கள், மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே தங்கும், பம்ப் நின்றால் மீன் கூடக்கூட மூச்சுத்திணறலும் சீக்கிரம் வரும். அந்த ஐந்தாவது மீனின் காசுக்கு பட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.