நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் நீர்க்கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையின்போது சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தின் சுவர்கள் ஓதம் கண்டு, தரையில் நீர் ஊறத் தொடங்கிவிடுகிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் அப்போது வெகுவாக உயர்ந்துவிடும். சுவருக்குப் பின்னால் மண்ணில் தேங்கிய நீர், ஆழம் ஒரு மீட்டர் கூடுந்தோறும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோ வீதம் சுவரை அழுத்துகிறது என்பதை மனத்தில் கொண்டால், பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை எதனால் தவறுகளாகின்றன என்பது விளங்கும்.

மிகப் பரவலான தவறு, சுவரின் உட்புறத்தில் நீர்த்தடுப்பு வண்ணம் பூசிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவது. நீர் வெளியிலிருந்து தள்ளும்போது அந்தப் பூச்சு கொப்பளித்து உரிகிறது. நீருடன் வரும் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. நீர் வந்து மோதும் வெளிப்பக்கத்தில் பூசுவதே முறை. கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் புகுந்து படிகமாக இறுகும் பூச்சுகள் உட்புறத்திலும் ஓரளவு பயன் தரும் என்றாலும், நீர் ஒழுகிக்கொண்டிருக்கும் விரிசலை அவற்றால் அடைக்க முடியாது.

நீர் எங்கிருந்து வருகிறது என்று பாராமலே செலவில் இறங்குவதும் தவறு. சித்திரை வெயிலிலும் சுவர் ஈரமாகவே இருந்தால், மழையைவிட அருகிலுள்ள சம்ப்பையோ (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியையோ) கழிவுநீர்க் குழாயையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சம்ப்பை நிரப்பி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வரத்தையும் மோட்டாரையும் ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்பு ஒழுகுகிறது. பாலித்தீன் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பார்க்கலாம்: தாளின் பின்புறம் ஈரமென்றால் கசிவு, முன்புறம் மட்டும் ஈரமென்றால் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது, காற்றோட்டம் போதவில்லை.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொட்டைமாடி நீர் முழுவதையும் வாங்கும் உறிஞ்சுகுழியை இடமில்லை என்பதற்காக நிலத்தடிச் சுவரையொட்டித் தோண்டுகிறார்கள். மாடியில் விழுந்த மழையைத் தாமே சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவே அது முடிகிறது. குழி கட்டடத்திலிருந்து இயன்ற அளவு விலகி இருக்க வேண்டும். சுவரைச் சுற்றியுள்ள தரை வெளிப்புறமாகச் சரிய வேண்டும்.

மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்கென்றே விடப்பட்ட துளைகளை, அசிங்கமாக ஒழுகுகிறது என்று சிமெண்டு வைத்து அடைப்பது என் கருத்தில் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் வடிய வழியில்லாத நீர் பின்னால் உயர்ந்து சுவரையே விரிசல் விடச் செய்யும். சுவருக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட பள்ளத்தைக் கட்டட இடிபாட்டாலும் களிமண்ணாலும் நிரப்பினாலும் விளைவு இதுதான். அங்கே ஜல்லியை இட்டு, மண் புகாதபடி வடிகட்டும் துணியால் மூடி, அடியில் துளையிட்ட குழாய் வழியே நீரைச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தரையில் நீர் ஊறினால் மேலே இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார்கள். கம்பியில்லாத 10 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோதான் எடையுள்ளது. அதன் அடிமட்டத்திலிருந்து நீர் 24 செ.மீ. உயர முயன்றாலே தரை மேலெழும் நிலை வந்துவிடும். பெரும்பாலும் நீர் நுழைவது சுவரும் தரையும் சேரும் மூட்டில்தான். அங்கே துளையிட்டு, நீர் பட்டதும் நுரைத்து விரியும் பாலியூரித்தேன் பசையை அழுத்தி ஏற்றுவதை அனுபவமுள்ளவர்களிடம் ஒப்படைக்கலாம்.

இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைப்பவர்கள், வெளியேறும் நீர் கலங்கலாக வருகிறதா என்று பார்ப்பதில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் நீரோடு நுண்மணலும் வெளியேறினால் தரைக்கடியில் வெற்றிடம் உருவாகும். எனவே நீரை இறைக்கும் சேகரிப்புத் தொட்டியைச் சுற்றிலும் ஜல்லியும் வடிகட்டும் துணியும் அவசியம். வெள்ளத்தின்போது மின்சாரம் துண்டிக்கப்படும் என்பதால் மோட்டாருக்கு மாற்று மின்வழியும், சுவிட்சுப் பெட்டிக்குத் தரைமட்டத்துக்கு மேல் இடமும் வேண்டும்.

வெளிப்புறம் தோண்டும் வேலையை மழை தொடங்கியபின் எடுக்கக் கூடாது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் கோடை மாதங்களில், சிறு சிறு நீளமாகத் தோண்டி, பக்கத்து மதிற்சுவர் சரியாதபடி முட்டுக் கொடுத்து, ஒரு பகுதியை மூடியபின்பே அடுத்ததைத் திறக்க வேண்டும்.